திருவனந்தபுரத்தில் என்ன சோலி?

எங்கள் தெருப் பஜனை மடத்தில் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவார்கள். பக்தர்கள் தங்கள் வாழ்க்கையில் சுவாமி செய்ததை அதில் எழுதுவது வழக்கம். "ஒங்க வீட்டு மதினிக்குப் பத்மநாபசுவாமி அருள் செஞ்சாருல்லா, அத எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்று என் மனைவியைச் சொல்லி வருஷந்தோறும் என்னிடம் கேட்பார்கள். ஆகட்டும் என்பேன். காகிதத்தை எடுத்து உட்காருவேன். பிள்ளையார் சுழி போட்டதோடு நின்றுவிடும். இப்படியே பல வருஷங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு எண்ணெய்க் கடைக்கு வந்துவிட்டவன் நான். எழுத வராமல் தயங்குகிறேன் என்று நினைத்து, "நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிடுதோம்" என்றுகூடச் சொன்னார்கள். தயக்கம் அதனால் வந்ததில்லை. அவர்கள் கேட்ட கதை வேறு, நடந்தது வேறு. சுவாமியின் பெயர் சேர்ந்துவிட்ட ஒரு கதையை, அப்படி இல்லை என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. என் தாயார் இருந்தவரை, அவள் மனசு நோகுமே என்ற எண்ணமும் இருந்தது.

இப்போது அம்மா இல்லை. என் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா நடந்தத மட்டும் எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தென்காசியில், பெரிய கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. நானும் என் அண்ணாச்சியும் சேர்ந்து எண்ணெய்க் கடை வைத்திருந்தோம். சீசன் மாதங்களில் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையோரம் ஒரு தட்டிக் கடை போடுவோம். தலைக்குத் தேய்க்க நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், துண்டு எல்லாம் அங்கே வியாபாரம். அதை நான் பார்த்துக்கொள்வேன், ஊர்க் கடையை அண்ணாச்சி பார்ப்பார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அம்மாதான் வீட்டுக்குப் பெரிய தலை. அண்ணாச்சியின் மனைவிக்கு ஆஸ்துமா. சாரல் காற்று பட்டால் அவளால் எழுந்து உட்கார முடியாது. ஆகவே அடுப்படி முழுவதும் என் மனைவியின் தலையில்தான்.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும், எங்களுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்பது தெரிந்துவிடும். மதுரையிலிருந்து வருவார்கள், தூத்துக்குடியிலிருந்து வருவார்கள், மெட்ராஸிலிருந்து பெட்டி படுக்கையோடு வருவார்கள். குற்றாலத்தில் அறைக்கு வாடகை கொடுப்பானேன், தென்காசியில் வீடு இருக்கிறதே என்று வருகிறவர்கள். நான் குறை சொல்லவில்லை. விருந்தாளி வருவது வீட்டுக்கு லட்சணம் என்று வளர்ந்தவன் நான். ஆனால் அருவியில் நின்றுவிட்டு வருகிறவனுக்குப் பசி இரண்டு மடங்கு. காலையில் இட்லி வெந்துகொண்டே இருக்கும். ஈரத்துணி காய வெயில் கிடையாது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, சேலையும் வேட்டியும் தொங்கும். என் மனைவி அதற்குள் குனிந்து குனிந்து போய்ச் சோறு பரிமாறுவாள். அவள் பிறந்தது அச்சன்புதூர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அச்சன்புதூர், தென்காசி, குற்றாலம் இந்த மூன்றைத் தவிர அவள் ஒரு ஊரிலும் கால் வைத்ததில்லை. ஊர் ஊராக மனிதர்கள் வந்து அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படி வருகிறவர்களில் திருவனந்தபுரத்து அக்கா ஒருத்தி. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை மகள். புருஷனுக்கு அங்கே ஆபீஸ் வேலை. அக்கா கொஞ்சம் பேச்சுக்காரி. அடுப்படி நடையில் காலை நீட்டி உட்கார்ந்து ரம்பூட்டான் பழத்தை உரித்துக்கொண்டே தன் ஊரைப் பற்றிச் சொல்வாள்.

"சாயங்காலம் அவுக ஆபீஸ் விட்டு வந்தவொடன கதவப் பூட்டிக்கிட்டு ரெண்டு பேரும் எறங்கிருவோம். மியூசியத் தோட்டத்துல பேண்டு வாசிப்பான். பெஞ்சுல உக்காந்து கேப்போம். பெறகு ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்ல ஆளுக்கொரு தோசையும் காப்பியும். மனசிருந்தா சங்குமுகம் போயி கடல் பாத்துட்டு வருவோம்."

"ஏன் போறீங்கன்னு வீட்ல கேக்க மாட்டாங்களாக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

"கேக்க யாரு இருக்கா? அந்த ஊர்ல ஒருத்தரும் ஒருத்தர ஏன்னு கேக்க மாட்டாங்கட்டி."

இந்தப் பேச்சு நடந்தது சீசன் உச்சத்தில். மறுநாளோ அதற்கு மறுநாளோ, குளிக்கப் போன கூட்டத்துக்குச் சோற்றுத் தூக்கோடு என் மனைவி குற்றாலம் வந்தாள். என் கடைத் தட்டிக்குள் ஒதுங்கி நின்றாள். சேலைத் தலைப்பில் தண்ணீர் சொட்டியது. அருவியிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நாமளும் ஒரு ரெண்டு நாளு திருவனந்தபுரம் போயிட்டு வருவமா?"

"கோயிலுக்கா?"

"கோயிலுக்கும் போவலாம். ஊர் பாக்க. எனக்குத் தெரியாத தெருவுல நடக்கணும். யாரோ ஆக்கி வச்சதத் தின்னணும். இவங்கள்லாம் நம்ம ஊருக்கு வாராங்கள்லா, அந்த மாதிரி நானும் ஒரு ஊருக்குப் போய் வந்தவளா இருக்கணும்."

அவள் என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்தாலும் அம்மா சொன்ன நிறம்தான். "போவோம்" என்றேன். அவ்வளவு எளிதில் சொல்லிவிட்டேன்.

சீசன் முடிந்து வீடு காலியானதும் நாங்கள் திட்டம் போட ஆரம்பித்தோம். அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு இல்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருக்கும், அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவேன். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பேசுவாள். வெளியூரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன தப்பு செய்து காசைத் தொலைக்கிறார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். அதையெல்லாம் திருப்பிப் போட்டாள்.

"கூட்டம் வார மாசத்துல போவக்கூடாது. சாரல் நேரத்துல நம்ம ஊர்ல பாருங்க, சாம்பார்ல பருப்பே இருக்காது, வாடகை மட்டும் ஏறிரும். அங்கனயும் அப்படித்தான இருக்கும். அக்காட்ட கேட்டேன். ஐப்பசியிலயும் பங்குனியிலயும் கோயில் திருவிழாவாம். ஆவணியில ஓணம். அது மூணும் வேண்டாம்."

"கார்த்திகை, மார்கழியில ரயிலு பூரா சபரிமலைச் சாமிமாரு."

"அப்ப மகரவிளக்கு முடிஞ்சு அவங்கள்லாம் வீடு சேந்த பெறகு. தை கடைசி. மழையும் இருக்காது. கோயில் வாசல்ல எடம் பிடிக்கக் கூடாது. அருவிப் பக்கத்து வீட்டுக்காரன் என்னா வாங்குதான், பாக்கீங்கள்லா. செத்த தள்ளி, ரெண்டு தெரு நடக்கட்டும். ஸ்டேஷன் வாசல்ல மொத வண்டிக்காரன் கூப்புடுதான்னு ஏறக் கூடாது."

"சாப்பாடு?"

"நம்ம ஊரு டிரைவருங்க எங்க திங்காங்க? கூரைக் கடையா இருந்தாலும் அவங்க திங்க எடம்தான் நல்லாருக்கும். அங்கனயும் அப்படிப் பாத்துப் போவணும்."

கட்டுச்சோறு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போனால் ஒன்றரை நாள் தாங்கும், ஹோட்டல் செலவு பாதியாகுமே என்று நான் சொன்னேன். கடைக்காரன் புத்தி. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சோறு கட்டிக்கிட்டுப் போறதுன்னா அடுப்படியையும் கூட்டிட்டுப் போற மாதிரிதான். அதுக்கு நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

"சரி, சோறு வேண்டாம்."

"சீடை மட்டும் கொண்டுபோவம். அது நீங்க கேப்பீங்க."

ஆக எல்லாம் முடிவாகிவிட்டது. காலை வண்டியில் மூன்றாம் வகுப்பு, செங்கோட்டை, கொல்லம் வழி. இரண்டு இரவு. முதல் நாள் சாயங்காலம் தோட்டமும் பேண்டும். மறுநாள் விடியலில் பெருமாள் தரிசனம், பிறகு மிருகக்காட்சிசாலை, பொழுது சாய்கிற நேரம் கடல். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிடலாம். சொல்ல வேண்டியது பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. அவ்வளவுதான் மிச்சம்.

கடையில் வைத்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"அங்கன என்ன சோலி?"

"சோலின்னு ஒண்ணும் இல்ல. சும்மா பாத்துட்டு வரலாம்னு."

"சும்மாவா? ரெண்டு பேரும் மட்டுமா?" எண்ணெய்ப் படியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே, ஒடம்புக்கு என்னமும் செய்யுதா? பெரியாஸ்பத்திரிக்குப் போறதத்தான் இப்படிச் சொல்லுதியோ?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே பயந்துவிட்டார். எங்கள் வீடுகளில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கோயில் இவற்றில் ஒன்றுக்காக இருக்கும். ஆறாவதாக ஒன்று கிடையாது. அம்மாவும் அதையேதான் கேட்டாள். "அங்கன நமக்கு என்னலே சோலி? ஊரு ஊரா சனம் நம்ம ஊரத் தேடி வருது. நீங்க இங்கேருந்து எங்க போறீய?" அதில் கோபமே இல்லை. தென்காசிக்காரன் ஊர் பார்க்கப் போவதாவது என்று அவளுக்கு ஆச்சரியம்.

கீழப்பாவூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை அப்போது வீட்டுக்கு வந்திருந்தாள். வாயாடி, ஆனால் மதினிமேல் உயிர். கிணற்றடியில் வைத்து எங்களுக்கு வழி சொல்லிக் கொடுத்தாள்.

"மதினி, நீங்க ஒரு கோட்டிக்காரி. ஊர் பாக்கப் போறேன்னு யாராவது வாயத் தொறந்து சொல்லுவாங்களா? மஞ்சத்துணியில ஒரு காச முடிஞ்சு பூசை மாடத்துல வச்சிருங்க. பத்மநாபசாமிக்கு நேந்துக்கிட்டேன்னு ஒரு சொல்லு சொல்லுங்க. பெறகு அம்மாவே துணி எடுத்து வச்சு வண்டியேத்தி விடுவா."

"எதுக்கு நேந்தேன்னு கேட்டா?"

"தலவலி, இடுப்புவலி, என்னமும் சொல்லுங்க. பொம்பளைக்கு வலிக்கா பஞ்சம்?"

என் மனைவி வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் தலையை ஆட்டினாள். "வேண்டாம்ட்டி. அத்தைட்ட அப்படிச் சொல்லிருவேன். அந்தக் காச எடுத்து உண்டியல்ல போடுதப்பம், எதுக்கு முடிஞ்சேன்னு சாமி கேக்கும்லா. பேண்டு கேக்கத்தான் முடிஞ்சேன்னு அங்க நின்னு சொல்ல முடியுமா?"

"சாமி அதெல்லாம் கேக்காது."

"கேக்காதுன்னா நான் தெனமும் வெளக்கு வச்சு யாருட்டப் பேசுதேன்?"

அவள் பக்தியை நான் அறிவேன். வெள்ளிக்கிழமை பட்டினி, மார்கழியில் விடியலில் கோயில். ஆசை வேறு, சுவாமி வேறு என்று அவள் வைத்திருந்தாள். ஒன்றை மறைக்க மற்றதை இழுக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. ஒரு சொல் பொய் சொல்லியிருந்தால் அந்தத் தை மாதமே போயிருப்போம்.

அந்தத் தை போயிற்று. அடுத்த தையும் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் சீசன் ஓய்ந்ததும் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் நாங்கள் திரும்பவும் திட்டம் போடுவோம். திருவனந்தபுரத்து அக்கா சாரலுக்கு வரும்போதெல்லாம் என் மனைவி புதிதாக எதையாவது கேட்டு வைத்துக்கொள்வாள். தோட்டத்துப் பெஞ்சு நிழலில் இருக்கிறதா, கடல் ஓரம் செருப்போடு நடக்கலாமா, மிருகக்காட்சிசாலையில் சிங்கம் எந்தப் பக்கம் என்றெல்லாம். போகாமலே அவளுக்கு அந்த ஊர் வழி தெரிந்துவிட்டது. செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்து மாநிலங்கள் பிரிந்த வருஷம், "இனிமே அது வேற சீமை, பாஷையும் வேற. அங்கன போயி என்ன செய்யப் போறீய?" என்று அண்ணாச்சிக்கு ஒரு காரணம் கூடியது. ஒவ்வொரு வருஷமும் தை பிறந்ததும் நான் கேட்பேன், அவர்கள் சோலி என்ன என்று கேட்பார்கள். என் மனைவி முகம் சுளித்ததில்லை. "அடுத்த வருசம் பாப்பம். அதுக்குள்ள இன்னும் நல்லா வெசாரிச்சு வச்சுக்கிடுவம்" என்பாள்.

பிறகு ஒரு வருஷம் மார்கழி முடிவில் அவளுக்கு ஜுரம் வந்தது. டைபாய்டு என்றார் டாக்டர். இரண்டாவது வாரத்தில் அவளுக்கு ஆளைத் தெரியவில்லை. குடித்த கஞ்சி தங்கவில்லை. பிள்ளைகளை என் தங்கை கீழப்பாவூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். நான் கடைக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போவேன், விசுவநாதர் முன்னால் நிற்பேன், வேண்டக்கூட வார்த்தை வராது, திரும்பி வருவேன்.

ஒரு நாள் காலையில் அப்படித் திரும்பி வந்தபோது, அம்மா பூசை மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் துணி. ஒரு வெள்ளி ரூபாயை அதில் வைத்து முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"திருவனந்தபுரம் பெருமாளுக்கு நேந்திருக்கேன்லே. இவ எந்திரிச்சு நடந்தான்னா, வார பங்குனித் திருவிழாவுக்குள்ள, குடும்பத்தோட வந்து ஒன் சன்னிதியில நிக்கேன்னு சொல்லிட்டேன்."

"அம்மா" என்றேன்.

"அவ ஆசப்பட்ட எடம்லா" என்றாள் அம்மா. "அதான் அந்தச் சாமியக் கேட்டேன்."

இத்தனை வருஷமும் சோலி என்ன என்று கேட்டவள், அந்த ஆசையை மனசுக்குள் எடுத்து வைத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

ஜுரம் இறங்கியது. டாக்டர் கொடுத்த மருந்தாலும் சுவாமி கிருபையாலும் இறங்கியது. இரண்டையும் நான் நம்புகிறேன். தை கழிந்து மாசியில் அவள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். நேர்ச்சையைப் பற்றி அவளிடம் சொன்னபோது கண்ணீர் விட்டாள். "அத்தையா நேந்தாக?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, "பங்குனியிலயா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

நேர்ச்சை வாயிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே செலுத்த வேண்டும். அதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ எங்கள் வீட்டில் யாருக்கும் துணிவு வராது. பங்குனித் திருவிழாவுக்குள் என்றால் திருவிழாவுக்குள்தான். குடும்பத்தோடு என்றால் குடும்பத்தோடுதான். அம்மா, அண்ணாச்சி, ஆஸ்துமாக்கார மதினி, அவர்கள் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள், கீழப்பாவூர்த் தங்கையும் மாப்பிள்ளையும். கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் தேங்காயும் கற்பூரமும் காணிக்கையும் கொண்டுவந்து கொடுத்து, தங்கள் பேரிலும் சேர்க்கச் சொன்னார்கள். நேர்ச்சை முடிகிறவரை வெளியில் கை நனைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே அரிசி, பருப்பு, புளி, பாத்திரம், ஸ்டவ், எல்லாம் மூட்டையானது. புளியோதரையை என் மனைவியே கிளறினாள். அண்டாவில் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ரயில் செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது பின்னாலும் ஒரு எஞ்ஜின் பூட்டித் தள்ளினார்கள். குகைக்குள் நுழைந்ததும் புகை வந்துவிடும் என்று அண்ணாச்சி எல்லா ஜன்னலையும் அடைக்கச் சொன்னார், மதினியின் மூச்சுக்காக. குகை தாண்டியும் திறக்கவில்லை. மலை ஏறியதையும் இறங்கியதையும் என் மனைவி சத்தத்தால்தான் தெரிந்துகொண்டாள். மடியில் தங்கையின் கைக்குழந்தை தூங்கியது.

திருவனந்தபுரத்தில் ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் முதல் வண்டிக்காரன் கூப்பிட்டான். அண்ணாச்சி ஏறிவிட்டார். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு சத்திரம். திருவிழாக் கூட்டத்தில் ஒரு ஓரம் கிடைத்ததே பெரிதாக இருந்தது. அங்கே மூட்டையைப் பிரித்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, தென்காசியில் விட்ட இடத்திலிருந்து அவள் சமைக்க ஆரம்பித்தாள். ஜுரத்தில் கிடந்த உடம்பு. தங்கை கூடமாட ஒத்தாசை செய்தாள். இருந்தாலும் எது எந்த மூட்டையில் என்று இவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் தரிசனம். அதை மட்டும் குறைவில்லாமல் எழுத வேண்டும். பெருமாள் பாம்பணையில் படுத்திருக்கிறார். மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். முதல் வாசலில் திருமுகம், நடுவில் நாபிக்கமலம், மூன்றாவதில் திருப்பாதம். ஒரே பார்வையில் முழுவதும் கிடைக்காது. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கருமையைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா மஞ்சள் முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டு, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் மனைவியும் அழுதாள். வெளிப் பிராகாரத்துக்கு வந்தபின் அவளிடம், "என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"வேண்டல. உயிர் குடுத்ததுக்குக் கும்பிட்டேன். பெறகு, இன்னொரு மட்டம் சும்மா வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அன்றைக்கு ஆறாட்டு. சாயங்காலம் சுவாமி ஊர்வலமாகச் சங்குமுகத்துக் கடலுக்குப் போகிறார். அம்மா பார்த்தே ஆக வேண்டும் என்றாள். போனோம். அப்படி ஒரு கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பிள்ளைகள் கை விட்டுவிடாமல் இருக்க வேட்டி முனையையும் சேலை முனையையும் பிடிக்கச் சொல்லி நின்றோம். கடல் இரைகிற சத்தம் கேட்டது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. என் மனைவி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நுனிக்காலில் எழும்பி எழும்பிப் பார்த்தாள். சுவாமி கடலாடி எழுந்ததும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டம் திரும்பியது, எங்களையும் திருப்பிக்கொண்டு வந்துவிட்டது.

"கடல் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது. ஒரு சேலக்கரை அகலத்துக்கு" என்றாள்.

அடுத்த நாள் காலையில் ஒரு மணி நேரம் அவளை வெளியே கூட்டிப்போகலாம் என்று பார்த்தேன். வண்டி நேரமாகிவிட்டது, பாத்திரம் கழுவிக் கட்ட வேண்டும் என்றார்கள். சத்திரத்து வாசலில் நின்று அவள் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்களைப் போல ஒரு புருஷனும் பெண்சாதியும் கையில் ஒன்றும் இல்லாமல் நடந்து போனார்கள். அவர்கள் முக்குத் திரும்புகிறவரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

ஊர் திரும்பினோம். தெருவில் எல்லாரும் பிரசாதம் வாங்க வந்தார்கள். "அவ வருசக்கணக்கா ஆசப்பட்டா. பெருமாளே காய்ச்சலக் குடுத்துக் கூப்பிட்டுக்கிட்டாரு" என்று அம்மா சொன்னாள். கேட்டவர்கள் அதைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் சொன்னார்கள். ஆய்க்குடியில் ஒருவர் என்னிடமே, ஜுரத்தில் அவள் கனவில் பெருமாள் வந்து கையைப் பிடித்து எழுப்பினாராமே என்று கேட்டார். இன்னொருவர் அறை முழுவதும் துளசி வாசம் வீசியதாகச் சொன்னார். நான் அப்படியெல்லாம் இல்லை என்றால் நம்பிக்கை இல்லாதவன் ஆகிவிடுவேன். ஆமாம் என்றால் பொய். ஒரு புன்சிரிப்போடு நகர்ந்துவிடுவேன்.

அந்த வருஷம் சீசன் முடிந்து, மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது என்னவோ குறைந்தாற்போல் இருந்தது. அடுத்த தைக்குப் போகலாமா என்று நான்தான் ஆரம்பித்தேன். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

"திருவனந்தபுரமா? அதான் பாத்தாச்சே."

கோபமாகச் சொல்லவில்லை. தான் ஆசையோடு கொடுத்ததை நினைத்து முகமெல்லாம் நிறைந்து சொன்னாள். என் மனைவி உடனே, "ஆமா அத்தை, ஒங்களாலதான பாத்தேன்" என்றாள். அன்றோடு எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி முடிந்தது. முன்பெல்லாம் போகாதவள் ஒருத்தியின் ஆசையாக அது இருந்தது. இப்போது போய்வந்தவள் அவள். போய்வந்த ஊருக்கு மறுபடியும் சும்மா போக எந்த வீட்டில் விடுவார்கள்? அண்ணாச்சியிடம் கேட்க என் வாயும் எழவில்லை.

அடுத்த சாரலுக்குத் திருவனந்தபுரத்து அக்கா வந்தபோது, "எங்க ஊரு எப்படி, கொள்ளாமா, நல்லாருந்துதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"நல்ல தரிசனம்க்கா" என்றாள் என் மனைவி.

பிறகு துவைக்கிற கல் பக்கம் இருவர் மட்டும் இருந்தபோது அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "தோட்டத்துல இன்னும் பேண்டு வாசிக்காங்களாக்கா?"

என் தாயார் கடைசியாகப் படுத்திருந்த நாட்களில், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இந்த நேர்ச்சையைச் சொல்வாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய காரியமாக அதை நினைத்தாள். பெரிய காரியம்தான். கால் பிடித்துக்கொண்டிருக்கிற என் மனைவி, ஒவ்வொரு தடவையும் ஆமாம் அத்தை என்பாள். நான் சாட்சி, அதில் பாசாங்கு ஒரு துளி இல்லை. உயிரைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவளிடம், நான் கேட்டது வேறு என்று எப்படிச் சொல்வாள்?

என் மனைவிக்கு இப்போது முட்டி வலி. அதிக தூரம் நடக்க முடியாது. ஆனாலும் போன மாதம், சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தவள், "வெளியூர்ல பெஞ்சு இருக்குமில்லா, உக்காந்து உக்காந்து நடக்கலாம்" என்றாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

பஜனை மடத்து அன்பர்களுக்கும் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இதை நீங்கள் பிறரிடம் சொல்வீர்கள் என்று தெரியும். தாராளமாகச் சொல்லுங்கள். கனவைச் சேர்க்க வேண்டாம், துளசி வாசத்தையும் சேர்க்க வேண்டாம். என் தாயாரின் நேர்ச்சையையும் பெருமாள் உயிர் கொடுத்ததையும் விட்டுவிடவும் வேண்டாம். அதோடு என் மனைவி ஊர் பார்க்கத்தான் ஆசைப்பட்டாள், அதற்குச் சுவாமியின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றாள், இன்னும் அந்த ஊரைப் பார்க்கவில்லை என்பதையும் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். இன்னொரு மட்டம் சும்மா வாரேன் என்று பத்மநாபனிடம் அவள் சொல்லிவிட்டு வந்ததும் அதனால்தான்.